ஆல்பர்ட் பாலின்

ஆல்பர்ட் பாலின் (ஆகஸ்ட் 15, 1857 – நவம்பர் 9, 1918) ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரைச் சேர்ந்த கப்பல் தொழிலதிபர் ஆவார். ஹாம்பர்க்-அமெரிக்கா கப்பல் நிறுவனத்தின் (சுருக்கமாக ஹாப்பாக்) தலைமை இயக்குநராக விளங்கிய இவர், அதனை உலகின் மிகப் பெரிய கப்பல் நிறுவனமாக வளர்த்தெடுத்தார். 1891 ஆம் ஆண்டில் இவர் ஒழுங்கு செய்த நடுநிலக் கடல் பயணமும், 1900 ஆம் ஆண்டில் இவர் கட்டுவித்த பிரின்செசின் விக்டோரியா லூயிசே என்னும் கப்பலும் இன்றைய உல்லாசக் கப்பல் பயணங்களின் தொடக்கமாகப் பரவலாகக் கருதப்படுகின்றன. வறிய குடிபெயர்வோரை அமெரிக்காவுக்கு அனுப்பும் தொழிலில் வாழ்வைத் தொடங்கிய இவர், தாம் உருவாக்கிய கப்பல் கூட்டம் முதல் உலகப் போரினால் சிதைந்த காலத்தில் உயிர் துறந்தார்.

இளமைக்காலம்

பாலின் ஹாம்பர்க் துறைமுகத்தை அடுத்த பகுதியில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை சாமுவேல் ஜோயெல் பாலின் டென்மார்க்கிலிருந்து வந்து குடியேறியவர். அவருக்குப் பிறந்த பதின்மூன்று பிள்ளைகளுள் ஆல்பர்ட் கடைசியானவர். ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குச் செல்வோருக்குப் பயணச்சீட்டு ஏற்பாடு செய்து தரும் மோரிஸ் நிறுவனம் என்னும் சிறிய முகவர் நிலையத்தில் தந்தை பங்காளராக இருந்தார். 1874 இல் தந்தை இறந்தபோது பாலினுக்கு வயது பதினேழு. முறையான உயர்கல்வி பெறாத நிலையிலேயே அவர் அந்நிலையத்தின் பொறுப்பை ஏற்றார்.

அக்காலத்தில் குடிபெயர்வோர் பலர் ஹாம்பர்க்கிலிருந்து முதலில் இங்கிலாந்துக்குச் சென்று, அங்கிருந்து வேறு கப்பலில் அமெரிக்கா சென்றனர். இந்த மறைமுக வழி மலிவானது. பாலினின் முகவர் நிலையம் இவ்வணிகத்தில் விரைவாக முன்னேறியது. 1883 இல் அவர் மரியான் ரௌவர்ட் என்பவரை மணந்தார். மரியான் சீர்திருத்தக் கிறித்தவர். பாலின் இறுதி வரை மதம் மாறவில்லை. இவர்கள் ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்து வளர்த்தனர்.

கப்பல் தொழிலில் நுழைவு

1881 இல் எட்வர்ட் கார் என்னும் கப்பல் உரிமையாளருடன் பாலின் உடன்பாடு செய்துகொண்டார். காரின் சரக்குக் கப்பல்களில் தளங்களுக்கு இடைப்பட்ட இடத்தில் படுக்கைகள் அமைத்து, குடிபெயர்வோரை நேரடியாக நியூ யோர்க்குக்கு அனுப்புவதே திட்டம். இக்கப்பல்களில் முதல் வகுப்புப் பயணிகள் இல்லாமையால், மேல்தளம் முழுவதிலும் குடிபெயர்வோர் தடையின்றி உலாவ முடிந்தது. பிற கப்பல்களில் அவர்கள் கீழ்த்தளத்து நெரிசலிலேயே பெரும்பொழுதைக் கழிக்க வேண்டியிருந்தது. குறைந்த கட்டணமும் இந்த வசதியும் பயணிகளை ஈர்த்தன.

இதனால் எழுந்த கட்டணப் போட்டி ஹாப்பாக் நிறுவனத்தைக் கடுமையாகப் பாதித்தது. 1886 இல் போட்டியாளர்களுடன் உடன்பாட்டுக்கு வந்த ஹாப்பாக், பாலினையே தன் பயணிகள் பிரிவுக்குத் தலைவராக அமர்த்தியது. 1888 இல் அவர் இயக்குநர் குழுவில் இடம்பெற்றார். 1899 இல் தலைமை இயக்குநர் ஆனார்.

1891 ஆம் ஆண்டின் உல்லாசப் பயணம்

பாலினின் முயற்சியால் ஹாப்பாக் இரட்டை உந்திகள் கொண்ட விரைவுக் கப்பல்களைக் கட்டியது. அவற்றுள் முதலாவதான அவுகுஸ்தா விக்டோரியா 1889 இல் சேவைக்கு வந்தது. ஜெர்மன் பேரரசியின் பெயர் இதற்கு இடப்பட்டது. எனினும் பேரரசியின் பெயர் அவுகுஸ்தே என்பதாகும். கப்பலின் பெயரில் நேர்ந்த இப்பிழை 1897 இல் திருத்தப்பட்டது.

இக்கப்பல்களை இயக்க மிகுந்த நிலக்கரியும் பணியாட்களும் தேவைப்பட்டன. கோடையில் பயணிகள் நிறைந்தனர். குளிர்காலத்திலோ வட அத்திலாந்திக் கடல் கொந்தளிப்பதால், வசதி படைத்தோர் பயணத்தைத் தவிர்த்தனர். கப்பல் துறைமுகத்தில் நின்றாலும் பராமரிப்புச் செலவு நிற்பதில்லை. அம்மாதங்களில் கப்பலைத் தெற்கே வெயிலுள்ள கடல்களுக்கு அனுப்பலாம் என்றும், போய்ச்சேரும் ஊருக்காக அல்லாமல் பயணத்துக்காகவே பயணிகளை அழைக்கலாம் என்றும் பாலின் கருதினார். நிறுவனத்தில் பலர் இதனை ஐயத்துடன் நோக்கினர்.

1891 சனவரி 22 அன்று அவுகுஸ்தா விக்டோரியா 241 பயணிகளுடன் குக்ஸ்ஹாபன் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. பாலினும் அவர் மனைவியும் அதில் சென்றனர். ஏறத்தாழ இரண்டு மாதங்கள் நீடித்த இப்பயணத்தில் கப்பல் ஜெனோவா, அலெக்சாந்திரியா, யாஃபா, பெய்ரூத், கொன்ஸ்தாந்திநோபிள், மால்ட்டா, நேப்பிள்ஸ், லிஸ்பன் முதலிய இடங்களுக்குச் சென்றது. அலெக்சாந்திரியாவிலிருந்து கெய்ரோவையும் பிரமிடுகளையும், யாஃபாவிலிருந்து எருசலேமையும் காணத் தரைவழிச் சுற்றுலாக்கள் ஏற்பாடு செய்யப்பட்டன. பயணம் வெற்றியடைந்தமையால் அது தொடர்ந்து நடத்தப்பட்டது. பின்னர் நோர்வேயின் கடற்கழிகளுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் ஹாப்பாக் கப்பல்கள் சென்றன.

கடலில் இன்பப் பயணம் செல்வது அதற்கு முன்னர் அறவே இல்லாத ஒன்றன்று. 1840களிலேயே பி அண்ட் ஓ நிறுவனம் தன் வழக்கமான கப்பல்களில் நடுநிலக் கடல் சுற்றுப்பயணங்களை விளம்பரப்படுத்தியது. 1867 இல் குவாக்கர் சிட்டி என்னும் அமெரிக்கக் கப்பல் ஐரோப்பாவுக்கும் புனித பூமிக்கும் சென்றபோது எழுத்தாளர் மார்க் டுவெய்ன் அதில் பயணம் செய்தார். ஆயினும் ஒரு பெரிய நிறுவனம் தன் சிறந்த விரைவுக் கப்பலை ஈடுபடுத்தி, பயணத்தை ஆண்டுதோறும் நிகழும் நிலையான வணிகமாக மாற்றியது பாலினின் காலத்திலேயே நிகழ்ந்தது.

தனிப்பட்ட உல்லாசக் கப்பல்கள்

வட அத்திலாந்திக்குக்காகக் கட்டப்பட்ட கப்பலில் மூன்று வகுப்புகள் இருந்தன. கீழ் வகுப்பினரின் இடங்கள் உல்லாசப் பயணத்துக்குப் பயன்படவில்லை. எனவே உல்லாசப் பயணத்துக்கென்றே ஒரு கப்பலைக் கட்டப் பாலின் முடிவு செய்தார். ஹாம்பர்க்கின் புளோம் உண்ட் ஃபொஸ் தளத்தில் கட்டப்பட்ட பிரின்செசின் விக்டோரியா லூயிசே 1900 சூனில் நீரில் இறக்கப்பட்டது. 4,409 டன் கொண்டதும் தனியார் உல்லாசப் படகைப் போன்ற தோற்றமுடையதுமான இக்கப்பலில் முதல் வகுப்பு அறைகள் மட்டுமே இருந்தன. நூலகம், உடற்பயிற்சிக் கூடம், பயணிகள் தாம் எடுத்த ஒளிப்படங்களைக் கழுவுவதற்கான இருட்டறை ஆகியனவும் இருந்தன.

இக்கப்பல் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1906 திசம்பர் 16 அன்று யமேக்காவின் கிங்ஸ்டன் துறைமுகத்தை அணுகுகையில் பாறைகளில் மோதித் தரைதட்டியது. கலங்கரை விளக்கத்தைத் தவறாகக் கணித்ததே காரணமாகும். பயணிகள் அனைவரும் காப்பாற்றப்பட்டனர். கப்பல் தலைவர் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

விரைவைக் குறித்த பாலினின் கருத்தும் இக்காலத்தில் மாறியது. 1900 இல் வந்த டொய்ச்லாண்ட் வேகத்துக்கான நீலப் பட்டியை வென்றது. ஆனால் அதன் இயந்திரங்கள் ஏற்படுத்திய கடும் அதிர்வு பயணிகளுக்குத் தொல்லையாயிற்று. அதன்பின் வேகப் போட்டியை விடுத்து, பருமனிலும் வசதியிலும் சிறந்த கப்பல்களைக் கட்டினார். 1905 இல் வந்த அமெரிக்கா என்னும் கப்பலில் மின்தூக்கி இருந்தது. சீசர் ரிட்சின் விடுதி மரபைப் பின்பற்றி, விரும்பியவர் விரும்பிய நேரத்தில் தனிக்கட்டணம் செலுத்தி உண்ணும் உணவகமும் அதில் அமைக்கப்பட்டது. டொய்ச்லாண்ட் 1911 இல் விக்டோரியா லூயிசே என்னும் பெயருடன் உல்லாசக் கப்பலாக மாற்றப்பட்டது.

1909 இல் கிளீவ்லாண்ட் என்னும் ஹாப்பாக் கப்பல் நியூ யோர்க்கிலிருந்து புறப்பட்டுச் சூயெசு கால்வாய் வழியாகக் கீழ்த்திசை நாடுகளைச் சுற்றிச் சான் பிரான்சிஸ்கோவை அடைந்தது. பனாமாக் கால்வாய் 1914 இலேயே திறக்கப்பட்டதால், பயணத்தின் எஞ்சிய பகுதியைத் தொடர்வண்டியில் கடக்க வேண்டியிருந்தது.

இன்றைய பயண முறையில் தாக்கம்

பாலினின் பயணங்களில் அமைந்த பல கூறுகள் இன்றைய உல்லாசக் கப்பல் பயணங்களிலும் காணப்படுகின்றன:

பருவம்: கோடையில் வட கடல்கள், குளிர்காலத்தில் வெப்பக் கடல்கள் எனக் கப்பல்கள் இடம் மாறுகின்றன. ஒரே கப்பல் வெவ்வேறு மாதங்களில் வெவ்வேறு வழிகளில் செல்வதற்கு இதுவே காரணம்.

தரைச் சுற்றுலா: கப்பல் நிற்கும் சில மணி நேரத்துக்குள் உள்நாட்டு இடங்களைக் கண்டு திரும்புவதற்கு நிறுவனமே ஏற்பாடு செய்கிறது. துறைமுகத்துக்கும் காணவேண்டிய நகருக்கும் இடையிலான தொலைவை அறிந்திருப்பது பயணத் திட்டத்துக்கு இன்றியமையாதது. அலெக்சாந்திரியாவிலிருந்து கெய்ரோ ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது.

நங்கூரமிடல்: யாஃபாவில் பெரிய கப்பல்கள் கரையை அணைய இயலாது, பயணிகள் சிறு படகுகளில் ஏறிக் கரை சேர்ந்தனர். ஆழமற்ற துறைகளில் இம்முறை இன்றும் உண்டு. கடல் கொந்தளித்தால் கரையிறங்கல் கைவிடப்படலாம்.

உணவு: அடிப்படைக் கட்டணத்தில் அடங்கிய உணவுக்கூடமும், தனிக்கட்டணம் பெறும் உணவகமும் ஒரே கப்பலில் இருப்பது வழக்கமாகிவிட்டது.

குடிபெயர்வோர் நகரம்

உல்லாசப் பயணங்கள் பாலினுக்குப் புகழ் தந்தாலும், நிறுவனத்தின் வருவாயில் பெரும்பங்கு குடிபெயர்வோரிடமிருந்தே வந்தது. 1892 இல் ஹாம்பர்க்கில் பரவிய வாந்திபேதி நோயால் 8,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். உருசியப் பேரரசிலிருந்து வந்த குடிபெயர்வோர்மீது பழி சுமத்தப்பட்டது. அவர்களின் வருகை தடைப்பட்டால் நிறுவனம் நிலைகுலையும் நிலை இருந்தது.

இதனையடுத்து எல்பே ஆற்றிலுள்ள ஃபெடல் தீவில் ஹாப்பாக் குடிபெயர்வோருக்கான குடியிருப்பு ஒன்றை அமைத்தது. 1901 இல் திறக்கப்பட்ட இது பின்னர் விரிவாக்கப்பட்டு, 5,000 பேர் வரை தங்கும் சிறு நகரமாயிற்று. மருத்துவச் சோதனை, குளியல், உறங்கும் கூடங்கள், வழிபாட்டு இடங்கள், யூத சமய விதிப்படி சமைக்கும் சமையலறை ஆகியன இருந்தன. நோயைத் தடுப்பதும், அமெரிக்காவில் திருப்பி அனுப்பப்படுவோரின் எண்ணிக்கையைக் குறைப்பதும் இதன் நோக்கங்கள். திருப்பி அனுப்பப்பட்டவர்களை மீண்டும் ஏற்றிவரும் செலவு கப்பல் நிறுவனத்தையே சார்ந்தது.

அரசியலும் போரும்

பேரரசர் இரண்டாம் வில்லெம் பாலினின் நண்பராக விளங்கி, ஹாம்பர்க்கில் அவர் இல்லத்துக்கு வருகை தந்தார். யூதர் ஒருவருக்குக் கிடைத்த இந்நெருக்கத்தைப் பலர் வெறுத்தனர். ஜெர்மனியின் கடற்படை விரிவாக்கத்தை முதலில் ஆதரித்த பாலின், அது பிரித்தானியாவுடன் போருக்கு இட்டுச்செல்லும் என்பதைப் பின்னர் உணர்ந்தார். இலண்டன் வங்கியாளர் ஏர்னஸ்ட் காசெலுடன் சேர்ந்து இரு நாடுகளுக்கிடையே இணக்கம் காண முயன்றார். இதன் பயனாகப் பிரித்தானிய அமைச்சர் ஹால்டேன் 1912 இல் பெர்லின் வந்தார். பேச்சுவார்த்தை பயனளிக்கவில்லை. 1914 சூலையில் பாலின் இலண்டன் சென்று அமைச்சர்களைச் சந்தித்தார். அடுத்த சில நாட்களில் போர் மூண்டது.

அவ்வேளையில் ஹாப்பாக் தன் உச்சத்தில் இருந்தது. 50,000 டன்னுக்கு மேற்பட்ட இம்பெராட்டர், ஃபாட்டர்லாண்ட், பிஸ்மார்க் என்னும் மூன்று பெருங்கப்பல்கள் பாலினின் இறுதிப் பெருந்திட்டமாகும். போரினால் இம்பெராட்டர் ஹாம்பர்க்கில் முடங்கியது. நியூ யோர்க் துறைமுகத்தில் சிக்கிய ஃபாட்டர்லாண்டை 1917 இல் ஐக்கிய அமெரிக்கா கைப்பற்றியது. பிஸ்மார்க் கட்டி முடிக்கப்படவில்லை. கடல் வாணிகமே நின்றுபோன நிலையில், பாலின் உணவு வழங்கல் பணிகளுக்கு உதவினார். கட்டுப்பாடற்ற நீர்மூழ்கிப் போரை எதிர்த்தார். 1918 செப்டம்பரில் பேரரசரைச் சந்தித்து நிலைமையை எடுத்துரைக்க முயன்றும் பயனில்லை.

மறைவு

1918 நவம்பரில் கடற்படையினரின் கிளர்ச்சி ஹாம்பர்க்குக்குப் பரவியது. புரட்சியாளர்கள் ஹாப்பாக் தலைமையகத்தினுள் நுழைந்தனர். அளவுக்கு மீறி உறக்க மருந்து உட்கொண்ட பாலின் நவம்பர் 9 அன்று இறந்தார். பேரரசர் முடி துறந்ததாக அறிவிக்கப்பட்டதும் அதே நாளில்தான். அவர் வேண்டுமென்றே உயிரை மாய்த்துக்கொண்டார் என்று பெரும்பாலோர் கருதினும், இது குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. ஹாம்பர்க்கின் ஓல்ஸ்டோர்ஃப் இடுகாட்டில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

போருக்குப் பின் ஜெர்மனி தன் பெரிய வணிகக் கப்பல்களை வெற்றி பெற்ற நாடுகளிடம் ஒப்படைத்தது. இம்பெராட்டர் பெரெங்கேரியா எனவும், ஃபாட்டர்லாண்ட் லெவியாத்தன் எனவும், பிஸ்மார்க் மஜெஸ்டிக் எனவும் பெயர் மாறி அந்நிய நிறுவனங்களின் கொடியின் கீழ் ஓடின.

நினைவு

1923 இல் ஹாப்பாக் புதிய கப்பல் ஒன்றுக்கு ஆல்பர்ட் பாலின் எனப் பெயரிட்டது. அவர் யூதர் என்பதால் நாட்சி ஆட்சியில் 1935 இல் அப்பெயர் நீக்கப்பட்டு, ஹன்சா என மாற்றப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1947 இல், ஹாப்பாக் தலைமையகம் அமைந்த ஆல்ஸ்டர் ஏரிக்கரைச் சாலைக்குப் பாலின்டாம் என்று பெயர் சூட்டப்பட்டது. நிறுவனம் 1970 இல் வட ஜெர்மன் லாயிட் நிறுவனத்துடன் இணைந்து ஹாப்பாக்-லாயிட் ஆயிற்று. குடிபெயர்வோர் தங்கிய ஃபெடல் தீவில் 2007 இல் பாலின்ஸ்டாட் என்னும் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பாலின் நகரம் என்பது இதன் பொருள். உல்லாசக் கப்பல்களின் முன்னோடியாக அறியப்படும் ஒருவரின் பெயர், கீழ்த்தளத்தில் பயணம் செய்த எளியோரின் நினைவிடத்துக்கும் வழங்குகிறது.