தீனபந்து ஆண்ட்ரூஸ்

தம் நாட்டார் துயருறக் கண்டு வருந்துவோர் பலர். வேற்று நாட்டார் துயருறக் கண்டு வருந்துவோர் சிலர். அத்துயருக்குக் காரணமானவர் தம் இனத்தவரே ஆயினும், அஞ்சாது எடுத்துரைத்து, அதனை நீக்கப் பாடுபடுவோர் மிகச் சிலரே ஆவர். அத்தகைய பெரியோருள் ஒருவர் சார்லஸ் பிரீர் ஆண்ட்ரூஸ். ஆங்கிலேயராகப் பிறந்த அவர், கடல் கடந்து கூலி வேலைக்குச் சென்ற இந்திய மக்களின் உரிமைக்காக அயராது உழைத்தார்.

இளமை

ஆண்ட்ரூஸ் 1871ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12ஆம் நாள் இங்கிலாந்தில் நியூகாசில் நகரில் பிறந்தார். அவர்தம் தந்தையார் சமயப் பணியில் ஈடுபட்டவர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்று தேறிய ஆண்ட்ரூஸ், 1904ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்து, டில்லியில் உள்ள செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் ஆசிரியரானார். ஆளும் இனத்தவர் என்னும் செருக்கு அவரிடம் இல்லை. மாணவரோடு மாணவராகப் பழகிய அவர், இந்தியரின் இன்ப துன்பங்களைத் தம்முடையனவாகவே கருதினார்.

ஒப்பந்தக் கூலி முறை

ஆங்கிலப் பேரரசில் அடிமை முறை 1834ஆம் ஆண்டில் ஒழிந்தது. அதன்பின், கரும்புத் தோட்ட முதலாளிகள் தம் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஆள் திரட்டலாயினர். இவ்வாறு சென்றோர் 5 ஆண்டு உழைப்பதாக ஒப்பந்தம் செய்தனர். அதனைக் குறித்த ஆங்கிலச் சொல் அவர்தம் நாவில் கிர்மிட் எனத் திரிந்தது. பசிபிக் பெருங்கடலில் உள்ள பிஜித் தீவுகளுக்கு மட்டும் 1879 முதல் 1916 வரை 60,000 பேருக்கு மேற்பட்டோர் இவ்வாறு சென்றனர். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் சென்றன. அவற்றில் தமிழரும் தெலுங்கரும் மிகுதியாக இருந்தனர்.

தென்னாப்பிரிக்காவில்

ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னும் துன்பம் முடிந்தபாடில்லை. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில், காலம் முடிந்தும் தாயகம் திரும்பாது தங்கிய ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் 3 பவுன் தலைவரி செலுத்த வேண்டியிருந்தது. அஃது ஏழைத் தொழிலாளி ஒருவனின் பல மாதக் கூலியாகும். இதனை எதிர்த்துக் காந்தியடிகள் அறப்போர் நடத்தினார். அவருக்குத் துணை செய்யக் கோகலே பெருமகனார் விழைந்தவாறு, ஆண்ட்ரூஸ் 1914ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அங்குச் சென்றார்.

டர்பன் துறைமுகத்தில் காந்தியடிகளைக் கண்டதும் குனிந்து அவர் அடிகளைத் தொட்டு வணங்கினார். வெள்ளையர் பலர் சினந்தனர். ஆண்ட்ரூஸ் அதனைப் பொருட்படுத்தவில்லை. காந்தியடிகளுக்கும் அமைச்சர் ஸ்மட்ஸுக்கும் இடையே உடன்பாடு ஏற்பட அவர் உதவினார். அந்நாளில் இங்கிலாந்தில் அவர் அன்னையார் நோயுற்று இறந்தார். இறுதியாக ஒருமுறை அன்னையைக் காணும் பேறும் அவருக்கு வாய்க்கவில்லை. அவ்வாண்டிலேயே தலைவரி நீங்கியது.

பிஜித் தீவில்

1915ஆம் ஆண்டில் நண்பர் பியர்சனுடன் ஆண்ட்ரூஸ் பிஜித் தீவுக்குச் சென்றார். தோட்டந்தோறும் நடந்து தொழிலாளர் குடியிருப்புகளைப் பார்த்தார்; தோட்ட முதலாளிகளையும் அதிகாரிகளையும் கண்டு பேசினார்.

ஒப்பந்தப்படி வேலை நேரம் நாளொன்றுக்கு 9 மணி. சனிக்கிழமையில் 5 மணி. குறித்த வேலையை முடித்தால் ஆணுக்கு 1 ஷில்லிங்கும் பெண்ணுக்கு 9 பென்சும் கூலி. ஆனால், அன்றன்றைய வேலையின் அளவைக் குறிப்பவன் மேற்பார்வையாளனே. அவ்வளவை முடிக்க இயலாதவனுக்குக் கூலி குறைந்தது. அதற்கு மேல் வழக்கும் வந்தது. வேலைக்கு வாராமையும், குறித்த வேலையை முடியாமையும் குற்றங்களாகக் கருதப்பட்டன. அவற்றிற்குத் தண்டம் அல்லது சிறை தண்டனையாக விதிக்கப்பட்டது. 5 ஆண்டு முடிந்ததும் ஊர் திரும்ப விரும்பினால், சொந்தச் செலவில்தான் செல்லுதல் வேண்டும். 10 ஆண்டு கழிந்தாலே கப்பற் கட்டணமின்றித் திரும்பலாம்.

இம்முறையின் பெருங்கேட்டை ஆண்ட்ரூஸ் தெளிவாக உணர்ந்தார். ஒப்பந்தம் என்பது இருவர் மனமொத்துச் செய்வது. அதனை ஒருவர் மீறினால் மற்றவருக்கு இழப்பீடு தருதலே முறை. இங்கோ, கையெழுத்தும் அறியாத ஏழை, செல்லும் இடத்தின் தொலைவையும் வேலையின் தன்மையையும் அறியாமலே கைநாட்டு வைத்தான். வேலை செய்யத் தவறினால் சிறை உண்டு என்பதை ஆள் திரட்டுவோர் அவனுக்கு அறிவிக்கவில்லை. எனவே, இஃது ஒப்பந்தம் என்னும் பெயர் பூண்ட அடிமைத்தனமே என்று அவர் கண்டார். விதிகள் சிலவற்றைத் திருத்துவதால் பயனில்லை. முறையையே ஒழித்தல் வேண்டும் எனத் துணிந்தார்.

வெற்றி

1916ஆம் ஆண்டில் இருவரும் தாம் கண்டவற்றை அறிக்கையாக வெளியிட்டனர். அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் பண்டித மதன் மோகன் மாளவியா, இம்முறையை ஒழிக்கவேண்டும் என இந்தியச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொணர்ந்தார். அரசப் பிரதிநிதி ஹார்டிஞ்சுப் பிரபு அதற்கு இசைந்தார். ஆயினும், அது நடைமுறைக்கு வருவது தாமதப்பட்டது. ஆண்ட்ரூஸ் சோர்ந்திலர்; ஊர்தோறும் சென்று மக்களுக்கு உண்மையை விளக்கினார். நாடெங்கும் கிளர்ச்சி எழுந்தது. 1917ஆம் ஆண்டில் ஆள் அனுப்புதல் நிறுத்தப்பட்டது. அவ்வாண்டிலேயே அவர் மீண்டும் பிஜித் தீவுக்குச் சென்று, அங்கு எஞ்சியிருந்தோரின் விடுதலைக்காகப் பாடுபட்டார். 1920ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று எஞ்சிய ஒப்பந்தங்கள் யாவும் நீக்கப்பட்டன.

எளியோரின் உறவினர் என்னும் பொருள்பட மக்கள் அவரைத் தீனபந்து என அழைத்தனர். பின்னாளில் அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரசின் தலைவராகவும் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1940ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் கல்கத்தாவில் அவர் இயற்கை எய்தினார்.

ஆண்ட்ரூஸிடம் படையில்லை, பதவியில்லை, பொருளும் இல்லை. நேரிற் சென்று காணும் கண்களும், கண்டதை மறைக்காது கூறும் நேர்மையும் இருந்தன. இன்றும் வேலை நாடி அயல்நாடு செல்வோர் பலர். தாம் ஒப்பமிடும் தாளில் எழுதியிருப்பதைப் படித்தறிதல் அவர்தம் உரிமை; விரும்பாத வேலையினின்று விலகுதலும் அவர்தம் உரிமை. இவ்வுரிமைகள் எளிதிற் கிடைத்தனவல்ல என்பதை ஆண்ட்ரூஸ் பெருமகனாரின் வாழ்வு நமக்கு என்றும் நினைவூட்டும்.