டிரைவரா வந்தார்... ஸ்டாக்ஸின் குரலானார்! - ஓட்டிஸ் ரெட்டிங் கதை

1962. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்தில் ஸ்டாக்ஸ் ரெக்கார்ட்ஸ் ஸ்டூடியோ. ஜானி ஜென்கின்ஸ் என்ற கிட்டாரிஸ்ட்டுக்கு அன்னிக்கு ரெக்கார்டிங். அது சரியா அமையலை. மிச்சமிருந்த நேரத்தில், அவருக்கு கார் ஓட்டிட்டு வந்த இளைஞர் தனக்கும் ஒரு சான்ஸ் கேட்டார். அப்போ அவர் பாடிய 'தீஸ் ஆர்ம்ஸ் ஆஃப் மைன்' அவரோட வாழ்க்கையையே மாத்திடுச்சு.

அந்த டிரைவர்தான் ஓட்டிஸ் ரெட்டிங்!

1941-ல் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்தவர். சர்ச்சில் பாடிப் பழகிய குரல். அப்பாவுக்குக் காசநோய் வர, 15 வயசுலயே படிப்பை விட்டுட்டு கிணறு தோண்டினார். பெட்ரோல் பங்க்கில் வேலை பார்த்தார்.

ஸ்டாக்ஸும் கஷ்டப்பட்டு வளர்ந்த கம்பெனிதான். பேங்க் ஊழியரான ஜிம் ஸ்டூவர்ட் ஆரம்பிச்சது. அவரோட அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டன், வீட்டை அடமானம் வெச்சு ரெக்கார்டிங் மெஷின் வாங்கக் காசு கொடுத்தார். ஒரு பழைய சினிமா தியேட்டர்தான் ஸ்டூடியோ. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடவே தடை இருந்த ஊர் அது. ஆனா, அந்த தியேட்டருக்குள்ள ரெண்டு பேரும் ஒரே பேண்டில் வாசிச்சாங்க. சர்ச் பாட்டின் உருக்கமும் ரிதம் அண்ட் ப்ளூஸின் தாளமும் கலந்த சோல் இசையில், டெட்ராய்ட்டின் மோட்டவுன் பளபளன்னு இருக்கும். ஸ்டாக்ஸில் கொஞ்சம் கரடுமுரடு, நிறைய உயிர். அந்த உயிருக்கு முகமா இருந்தவர் ஓட்டிஸ்.

1965-ல் அவர் எழுதிப் பாடியதுதான் 'ரெஸ்பெக்ட்'. வேலை முடிஞ்சு வீட்டுக்கு வர்ற ஆண், மரியாதை கேட்கிற பாட்டு. ரெண்டே வருஷத்தில் அட்லான்டிக் ரெக்கார்ட்ஸுக்காக அதையே அரேதா ஃபிராங்க்ளின் பாடினார். கேட்கிறது பெண் குரலானதும் அர்த்தமே மாறிப்போச்சு. பாட்டு நம்பர் 1 ஆச்சு.

1967 ஜூனில் கலிஃபோர்னியாவின் மான்டரே விழா. ராக் இசை கேட்க வந்த கூட்டத்தை ஓட்டிஸ் மொத்தமா தன் பக்கம் இழுத்தார். ஆனா, அதுக்கப்புறம் அவருக்குக் கிடைச்சது ஆறே மாசம். டிசம்பர் 10, விஸ்கான்சின் மாநிலத்தின் மொனோனா ஏரியில் அவரோட விமானம் விழுந்தது. உடன் வந்த பார்-கேஸ் பேண்டில் 4 பேர் இறந்தாங்க. ஓட்டிஸுக்கு வயசு 26.

சில நாள் முன்னாடிதான் 'டாக் ஆஃப் த பே' பாட்டை ரெக்கார்ட் செஞ்சிருந்தார். 1968-ல் அது நம்பர் 1. பாடகர் இறந்த பிறகு அமெரிக்காவில் முதலிடம் பிடிச்ச முதல் பாட்டு!

ஸ்டாக்ஸுக்கு அடுத்த அடியும் உடனே விழுந்தது. அட்லான்டிக்குடனான ஒப்பந்தம் முறிஞ்சப்போதான் தெரிஞ்சது, கையெழுத்துப் போட்ட காகிதத்தின்படி பழைய ஒரிஜினல் ரெக்கார்டிங்குகள் எல்லாம் அட்லான்டிக்குக்குத்தான் சொந்தம். ஓட்டிஸ் பாடிய பாட்டுகளும் அதில் அடக்கம். புதுசா ஹிட்ஸ் கொடுத்து எழுந்தாலும், 1975-ல் ஸ்டாக்ஸ் திவாலாச்சு.

இன்னிக்கு 'டாக் ஆஃப் த பே'யை உங்க போன்ல போட்டுப் பாருங்க. கடைசியில் வரிகள் இருக்காது. ஓட்டிஸ் விசில் அடிச்சுக்கிட்டே இருப்பார்... ஏதோ நாளைக்கும் ரெக்கார்டிங் இருக்கிற மாதிரி!