கலங்கல் தந்த காலக் கணக்கர்

சென்ற டிசம்பரில் எங்கள் வகுப்பு மாணவர்கள் 22 பேர் 5 நாள் சுற்றுலா செல்வதென முடிவாயிற்று. பயணத் திட்டம் வகுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு ஓரிரவு முழுதும் கண் விழித்தேன். உதகை, மைசூர், வயநாடு, கோழிக்கோடு, கொச்சி, மூணாறு என அத்தனையும் ஐந்தே நாளில்! காகிதத்தில் பேருந்து காற்றாய்ப் பறந்தது. மறுநாள் பெருமையுடன் பேராசிரியரிடம் நீட்டினேன். அவர் பாராட்டவுமில்லை, கடியவுமில்லை. 22 பேரும் எந்த ஊரில், எத்தனை மணிக்குச் சாப்பிடுவார்கள் என்று மட்டும் கேட்டார். என்னிடம் விடை இல்லை. ஜி.டி. நாயுடுவின் வரலாற்றைப் படித்துவிட்டு வந்து மறுபடியும் எழுது என்று தாளைத் திருப்பித் தந்துவிட்டார்.

சுற்றுலாத் திட்டத்துக்கும் ஜி.டி. நாயுடுவுக்கும் என்ன தொடர்பு என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. கோவையில் பிறந்து வளர்ந்த எனக்கு அவர் ஓர் அதிசய மனிதர், விஞ்ஞானி, அவிநாசி சாலைக் காட்சிக்கூடத்தில் படமாய்த் தொங்குபவர். அவ்வளவே தெரியும். நூலகத்தில் இரண்டு நூல்களைத் தேடி எடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் காட்சிக்கூடத்துக்கும் போய் வந்தேன்.

கோவைக்குக் கிழக்கே உள்ள கலங்கல் என்னும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் ஓர் உழவர் குடும்பத்தில் துரைசாமி பிறந்தார். தந்தையார் பெயர் கோபால்சாமி. பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. மூன்றாம் வகுப்போடு ஏட்டுப் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு காட்டு வேலை. இப்படியே போயிருந்தால் கலங்கலில் இன்னொரு விவசாயி வாழ்ந்து மறைந்திருப்பார்.

ஒரு நாள் அந்தப் பக்கம் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாட்டு வண்டியைத் தவிர வேறு வண்டி காணாத இளைஞருக்கு அது பெரும் வியப்பு. மாடில்லை, குதிரையில்லை, ஆனாலும் ஓடுகிறது! அந்த வண்டியைத் தமதாக்கிக்கொள்ள வேண்டுமென்ற வெறி பிடித்தது. ஊரை விட்டுக் கோவைக்கு வந்தார். ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் சேர்ந்து, காசுக்குக் காசு சேர்த்து, அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கியவர் ஏறி ஊரைச் சுற்றவில்லை. பாகம் பாகமாகக் கழற்றிப் போட்டு மறுபடியும் பூட்டிப் பார்த்தார். நம்மில் எத்தனை பேர் புது வண்டியைக் கழற்றத் துணிவோம்?

பின்னர்ப் பஞ்சு வாணிகத்தில் இறங்கினார். திருப்பூர்ப் பக்கம் கிடைத்த லாபம் பம்பாய்ச் சந்தையில் கரைந்தது. கையில் ஒன்றுமில்லாமல் திரும்பியவர் மீண்டும் மோட்டாரையே நம்பினார். கோவைத் தொழில் முன்னோடியான ராபர்ட் ஸ்டேன்ஸ் கடன் கொடுத்து உதவினார். 1920ஆம் ஆண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே நாயுடுவின் முதல் பேருந்து ஓடிற்று.

ஏன் பொள்ளாச்சி - பழனி? இந்த இடத்தில்தான் நான் நூலை மூடிவிட்டு நெடுநேரம் யோசித்தேன். போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்கு 1915இலேயே ரயில் வந்துவிட்டது. ஆனால் பொள்ளாச்சியிலிருந்து உடுமலை, பழனி வழியாகத் திண்டுக்கல் செல்லும் ரயில் பாதை 1928இல்தான் திறக்கப்பட்டது. ஆக, 1920இல் ரயிலில் வந்து பொள்ளாச்சியில் இறங்கியவர் அதற்கு மேல் மாட்டு வண்டியிலோ கால்நடையாகவோதான் போக வேண்டும். ஒரு முனையில் பெரிய சந்தை. மறுமுனையில் முருகன் கோயில். சந்தைக்கு வருபவனும் காவடி எடுப்பவனும் ஆண்டு முழுதும் உண்டு. இடையே 60 கிலோமீட்டர் சொச்சம். அன்றைய வண்டியும் அன்றைய சாலையும் ஒரே பகலில் தாங்கக்கூடிய தூரம் அது. ஊர் ஊராகக் கோத்து நீண்ட மாலை கட்டவில்லை அவர். இரண்டே முனைகள். இரண்டுக்கும் போகக் காரணம் உள்ள மக்கள். நானோ ஆறு ஊர்களை எழுதிவிட்டு, எதற்குப் போகிறோம் என்பதை மறந்திருந்தேன்.

அந்த ஒற்றை வண்டி வளர்ந்து யு.எம்.எஸ். நிறுவனம் ஆயிற்று. யு.எம்.எஸ். என்றால் இன்றும் கோவைப் பெரியவர்களுக்குத் தெரியும். 1933இல் அந்நிறுவனத்தில் 280 வண்டிகள் இருந்தன. 280 வண்டிகளை வாங்குவது பணம் படைத்தவர்க்கு இயலும். சொன்ன நேரத்துக்கு ஓட்டுவதுதான் அரிது. என்ஜினின் அதிர்வைக் கண்டறிய ஒரு கருவி செய்தார். வழியில் வண்டி நின்றால் கெடுவது ஒரு வண்டியின் நேரம் மட்டுமல்ல. அதில் வந்து அடுத்த வண்டி ஏற வேண்டியவரின் நேரமும், அவருக்காக வீட்டு வாசலில் காத்திருப்பவரின் நேரமும் சேர்ந்தே கெடுகிறது. கால அட்டவணை என்பது வேகத்தின் கணக்கன்று, நிற்கும் நேரத்தின் கணக்கு என்பது இதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

1930களில் அவர் ஐரோப்பா சென்றார். இன்று நாம் காலையில் புறப்பட்டு இரவுக்குள் ரோமில் இறங்குகிறோம். அக்காலத்தில் பம்பாயில் கப்பலேறினால் ஏடன், சூயஸ் கால்வாய் கடந்து இத்தாலியிலோ பிரான்சின் மார்சேல் துறைமுகத்திலோ கரையேற ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். அங்கிருந்து ரயிலில்தான் வடக்கே போக வேண்டும். போக ஒரு திங்கள், வர ஒரு திங்கள் என்று ஒதுக்கியவர்களே நிம்மதியாக ஊர் பார்த்தார்கள். நாயுடு கண்ணில் கண்டதையெல்லாம் பார்க்கச் சென்றவரல்லர். ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் தொழிற்கூடங்களைத் தேடிப் போனார். தோளில் படக்கருவி இருந்தது. 1936 ஜனவரியில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் இறுதி ஊர்வலத்தை லண்டனில் படம் பிடித்தார். உலர்ந்த மின்கலத்தில் ஓடும் சிறு மோட்டார் பொருத்திய சவரக் கருவியை உருவாக்கி, ‘ரசாந்த்’ என்ற பெயரில் வெளிக்கொணர்ந்ததும் இந்த ஐரோப்பியத் தொடர்பால்தான். மூன்றாம் வகுப்புப் படித்தவர்!

ஊர் திரும்பியதும் செய்தவற்றைப் பட்டியலிட்டால் இம்மலரில் இடம் போதாது. 1937இல் பீளமேட்டில் மின் மோட்டார் தயாரானது. 1941இல் ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று காட்டினார். பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, ஆளுயரத்துக்கு மேல் வளரும் பருத்தி என்று கை வைக்காத துறை இல்லை.

1945இல் ஆர்தர் ஹோப் பெயரால் தொழில்நுட்பக் கல்லூரி தோன்ற நாயுடு முன்னின்றார். முதல்வராகவும் இருந்தார். பொறியியல் படிக்க நான்கு ஆண்டு எதற்கு, அதில் பாதியே போதும் என்பது அவர் கட்சி. அரசு இசையவில்லை. அவர் விலகிவிட்டார். (விரிவுரையாளர் பெருமக்கள் இதில் யார் பக்கம் என்று நான் கேட்கப் போவதில்லை.) அந்தக் கல்லூரிதான் இன்று தடாகம் சாலையில் உள்ள அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி. கல்லூரி இடம் மாறியும் அவிநாசி சாலையில் பேருந்து நிறுத்தத்தின் பெயர் மாறவில்லை. நடத்துநர் இன்றும் ஹோப் காலேஜ் என்றே குரல் கொடுக்கிறார். வெளியூர் நண்பர்கள் இறங்கிக் கல்லூரியைத் தேடுவதுண்டு.

1952இல் இரண்டு பேர் அமரும் கார் ஒன்றை 2,000 ரூபாய்க்குத் தர முன்வந்தார். அரசின் உரிமம் கிடைக்கவில்லை. கார் சந்தைக்கு வரவில்லை. இந்தப் பக்கத்தில் எனக்கு உண்மையாகவே நெஞ்சு கனத்தது. வண்டியின் வேகம், எண்ணெய்ச் செலவு, வழியில் நிற்கும் நிமிடம் என எல்லாவற்றையும் அளந்தவருக்கு ஓர் அலுவலக மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குக் கோப்பு நகரும் நேரம் மட்டும் பிடிபடவில்லை. அவர் பொறுத்திருந்திருக்கலாம் என்பாரும் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. தம் கையில் உள்ளதை நிமிடக் கணக்கில் திட்டமிட்டவருக்குப் பிறர் கையில் உள்ள தாமதம் எவ்வளவு கசந்திருக்கும்!

1974 ஜனவரி 4ஆம் நாள் அவர் காலமானார். 2025 அக்டோபரில் அவிநாசி சாலையில் திறக்கப்பட்ட 10 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு அவர் பெயரைத்தான் சூட்டியிருக்கிறார்கள். நேரம் மிச்சப்படுத்தும் பாலத்துக்குப் பொருத்தமான பெயர்.

நூல்களைத் திருப்பிக் கொடுத்த அன்று மாலையே திட்டத்தைத் திருத்தினேன். உதகையை அடித்தேன். மைசூரை அடித்தேன். வயநாட்டையும் கோழிக்கோட்டையும் அடித்தபோது நண்பர்கள் முகம் சுளித்தனர். எல்லாவற்றையும் அடித்து மூணாறு மட்டும் போதும் என்று எழுதியிருந்தால் பேராசிரியர் மகிழ்ந்திருக்கக்கூடும். ஆனால் தாராபுரம் பக்கத்திலிருந்து வரும் எங்கள் நண்பன் ஒருவன் அதுவரை கடலைக் கண்டதில்லை. அவன் அதை வாய்விட்டுக் கேட்கவுமில்லை. ஆகவே ஒரு கடல், ஒரு மலை என இரண்டு முனைகளை வைத்துக்கொண்டேன். கோவையிலிருந்து கொச்சிக்கு ரயிலில் ஏறக்குறைய நான்கு மணி நேரம்; அங்கே இரண்டு இரவு. கொச்சியிலிருந்து மூணாறு 130 கிலோமீட்டர்தான். மலைப்பாதை ஆதலால் அந்த நாளில் வேறெதுவும் வைக்கவில்லை. அங்கே இரண்டு இரவு. ஐந்தாம் நாள் மறையூர், சின்னாறு வழியாக இருட்டுமுன் காட்டைக் கடந்து உடுமலை. ஒவ்வொரு நாளுக்கும் எதிரே சாப்பாட்டு ஊரும் நேரமும் எழுதினேன். தாமதத்துக்கென்று நாளுக்கு இரண்டு மணி நேரம் வெற்றாக விட்டேன். பேராசிரியர் அந்த வெற்றிடங்களைத்தான் முதலில் பார்த்தார். கையெழுத்திட்டார்.

கொச்சியில் முதல் நாள் மாலை அந்த வெற்று நேரம் முழுவதையும் எங்கள் தாராபுரத்து நண்பன் எடுத்துக்கொண்டான். சீன வலைகள் அருகே முழங்கால் அளவு நீரில் நின்றவனை இருட்டும் வரை யாரும் கரைக்குக் கூப்பிடவில்லை.

ஐந்தாம் நாள் உடுமலையில் பொள்ளாச்சி வண்டிக்குக் காத்திருந்தோம். 1920இல் நாயுடுவின் பேருந்து போன அதே சாலை. எங்கள் வண்டி 40 நிமிடம் தாமதமாக வந்தது. ஒருவரும் குறைப்படவில்லை. அதற்கும் தாளில் இடம் விட்டிருந்தேன். எதிர்க் கடையில் தேநீர் குடித்தோம்.