சார்ல்ஸ் டார்வினும் எரிமலைத் தீவுகளும்

பேரறிஞர் என்று உலகம் போற்றுவோர் கண்டமாத்திரத்தே உண்மையை உணர்ந்துவிடுவர் என எண்ணுதல் நம்மனோர்க்கு இயல்பு. அவர்தம் வரலாற்றை ஆராயுங்கால், கண்முன் நின்ற உண்மையையும் முதலிற் காணத் தவறிப் பின்னர்ப் பொறுமையால் அதனை அடைந்தவர் பலர் என்பது தெளிவாம். சார்ல்ஸ் டார்வின் அத்தகையோருள் ஒருவர்.

இவர் 1809-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12-ஆம் நாள் இங்கிலாந்திலே ஷ்ரூஸ்பரி என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் ராபர்ட் டார்வின் புகழ்வாய்ந்த மருத்துவர். அன்னையாரை எட்டாம் வயதிலேயே இழந்தார். மருத்துவம் கற்குமாறு 1825-ஆம் ஆண்டு எடின்பரோ நகருக்கு அனுப்பப்பெற்றார். மயக்க மருந்து வழக்கில் வாராத அக்காலத்தில் நோயாளர் கதறக் கதற நிகழ்ந்த அறுவையைக் காணப் பொறாது அக்கல்வியைக் கைவிட்டார். பின்னர்க் குருத்தொழிலுக்கு ஆயத்தம் செய்யக் கேம்பிரிட்ஜிலுள்ள கிறிஸ்து கல்லூரியிற் சேர்ந்தார். ஆங்கு அவர் உள்ளத்தைக் கவர்ந்தவை வண்டுகளே. ஒருநாள் இரு கைகளிலும் அரிய வண்டுகளைப் பற்றியிருந்தவர், மூன்றாவதொன்றைக் கண்டு, கையிலிருந்த ஒன்றை வாயிலிட்டுக்கொண்டார். அது கக்கிய காரநீர் நாவைச் சுடவே, அதனை உமிழ்ந்தார், மூன்றாவதும் தப்பியது. இவ்வார்வத்தைக் கண்ட தாவரநூற் பேராசிரியர் ஹென்ஸ்லோ அவரைத் தம் நண்பராகவே கொண்டனர்.

அவருடைய பரிந்துரையால், 'பீகிள்' என்னும் கப்பலில் இயற்கைநூல் ஆய்வாளராகச் செல்லும் வாய்ப்பு வந்தது. குருவாகப் போகும் மகனுக்கு இஃது ஏலாது எனத் தந்தையார் தடுத்தார். மாமனார் ஜோசையா வெட்ஜ்வுட் பரிந்து பேசி இசைவு பெற்றுத் தந்தார். 1831-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள் கப்பல் புறப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 90 அடியே. அதனுள் எழுபதுக்கு மேற்பட்டோர் இருந்தனர். கடல்நோய் அவரைப் பயண முடிவு வரையிலும் வருத்தியது. இரண்டு ஆண்டுக்கெனக் குறித்த பயணம் ஐந்து ஆண்டளவும் நீண்டது.

தென்னமெரிக்கக் கரைகளை அளந்தபின், 1835-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களிற் கப்பல் கலாப்பகஸ் தீவுகளை அடைந்தது. பசிபிக் மாகடலிலே, அப்பெருநிலத்திற்கு மேற்கே ஏறத்தாழ 600 மைலுக்கு அப்பால், எரிமலைகள் கடலடியினின்று எழுப்பிய தீவுகள் அவை. கரும்பாறையும் வெங்கதிரும் கள்ளிச்செடியுமே எம்மருங்கும் தோன்றின. ஆங்கு வாழும் பறவைகளோ மனிதரை அஞ்சா. மரக்கிளையிலிருந்த பருந்தொன்றை டார்வின் துப்பாக்கி முனையாற் றள்ளி அகற்றினார். கடலிற் பாய்ந்து பாசி மேயும் கரிய உடும்புகளுள் ஒன்றைப் பலமுறை நீரில் எறிந்தார். அஃது ஒவ்வொரு முறையும் அவர் நின்ற இடத்திற்கே திரும்பியது. பேராமைகளின் முதுகில் ஏறியமர்ந்தும் பார்த்தார்.

ஏறத்தாழ ஐந்து வாரம் அத்தீவுகளிடையே கழிந்தது. ஆமையின் ஓட்டைக் கண்டே அஃது எத்தீவினது எனக் கூறல் தமக்கு இயலும் என்று ஆங்கிருந்த துணை ஆளுநர் லாஸன் அவரிடம் தெரிவித்தார். டார்வின் அதனை அப்பொழுது போதியவாறு கருதவில்லை. இரு தீவுகளிற் சேர்த்த குருவிகளை வேறுபிரியாமற் கலந்தும் வைத்துவிட்டார். உணவுக்கெனக் கப்பலில் ஏற்றிய ஆமைகளோ உண்ணப்பட்டன. அவற்றின் ஓடுகள் கடலுக்கு இரையாயின. பரிகாசப் பறவை என்னும் இனம் மட்டும் தீவுக்குத் தீவு வேறுபடுதலைக் கண்டு, அவற்றைத் தனித்தனியே குறித்து வைத்தார். அச்சிறு குறிப்பே பின்னர்ப் பேருண்மைக்கு வித்தாயிற்று.

1836-ஆம் ஆண்டு தாயகம் மீண்டார். மறு ஆண்டு, பறவைநூல் வல்லுநர் ஜான் கூல்டு அவற்றை ஆராய்ந்து, பரிகாசப் பறவைகள் மூன்று தனியினங்கள் என்றும், உருவாலும் அலகாலும் வெவ்வேறாகத் தோன்றிய குருவிகள் ஒரே குலத்தன என்றும் தெளிவித்தார். டார்வின் தம் குறைபாட்டை மறைத்தாரல்லர். கப்பல் தலைவர் பிட்ஸ்ராயும் பிறரும் தீவின் பெயர் குறித்துச் சேர்த்திருந்த பறவைகளைக் கேட்டுப் பெற்று, குறைந்ததை நிரப்பினார். பெருநிலத்தினின்று வந்த ஓரினமே தீவுதோறும் வேறுபட்டுப் பலவாயிற்றோ என்னும் வினா அவர் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை.

அதற்கு விடை கண்ட பின்னும் அதனை வெளியிட அவர் விரையவில்லை. எட்டு ஆண்டுகள் கொட்டலசு என்னும் கடலுயிரை ஆராய்ந்தார். விதைகள் கடல்நீரில் மிதந்து தீவு சேருமோ என உப்புநீரில் அவற்றை ஊறவைத்துச் சோதித்தார். 1858-ஆம் ஆண்டு, மலாய்த் தீவுக்கூட்டத்திலிருந்து ஆல்பிரெட் வாலஸ் அதே கருத்தை எழுதி அனுப்பினார். இருவர் கட்டுரைகளும் லண்டனில் ஒருங்கே படிக்கப்பெற்றன. உயிரினங்களின் தோற்றத்தைப் பற்றிய டார்வினுடைய பெருநூல் 1859-ஆம் ஆண்டு வெளிவந்தது.

குருவாகக் கருதிய அவரிடம் பழைய நம்பிக்கை வரவரத் தேய்ந்தது. 1851-ஆம் ஆண்டு அருமை மகள் ஆனி பத்து வயதில் இறந்ததும் ஆறாப் புண்ணாயிற்று. விசுவாசமுடைய மனைவியார் எம்மாவுக்கு இஃது எத்துணைத் துயரம் தந்திருக்கும்! ஆயினும் அவ்விருவர் அன்பும் குறையவில்லை. தம்மூர்க் கோயிலின் அறப்பணிகளுக்கும் அவர் துணைநின்றார். 1882-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள் அவர் இறந்தபோது, வெஸ்ட்மின்ஸ்டர்க் கோயிலிலேயே அடக்கம் செய்யப்பெற்றார். விசுவாசத்தைப் பேணும் நாம் அவருடைய முடிவுகள் அனைத்தையும் ஏற்கினும் ஏலாவிடினும், கண்டதைக் கண்டவாறே உரைத்த நேர்மையை மதித்தல் நம் கடமையாம். உண்மைக்கு அஞ்சும் விசுவாசம் உறுதியுடையதன்று.

அத்தீவுகளை ஈக்குவடோர் நாட்டினர் 1959-ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக்கினர். இன்று சிறு கப்பல்களிற் செல்வோர் வழிகாட்டியுடன் நடந்து, விலங்குகளைத் தீண்டாது கண்டு திரும்புகின்றனர். ஆமையின்மேல் ஏறுதலும் உடும்பை எறிதலும் இன்று ஆகா. டார்வின் அடிவைத்த தீவுகளுள் ஒன்றான புளோரியானாவின் ஆமையினம், அவர் சென்று சில ஆண்டுகளிலேயே, உணவுக்காகக் கவரப்பட்டு அத்தீவினின்று அற்றுப்போயிற்று. காலத்திற் குறியாதது மீண்டும் கிட்டுதல் அரிது.

மாணவத் தோழர்காள்! குறிப்பேட்டில் ஊர்ப்பெயரும் நாளும் எழுதுதல் சிறு செயலென நாம் இகழலாகாது. அறியாதார் போலத் தோன்றும் ஒருவர் கூறும் சொல்லையும் செவிமடுத்தல் வேண்டும். விடுபட்டது தெரிந்தபின் நாணித் தயங்காது, பிறரை அணுகிக் கேட்டு நிரப்புதல் அதனினும் நன்று. இவையே அவ்வாழ்க்கை நமக்குத் தரும் பாடம்.