வேலூரில் நர்ஸ் படிப்பு தொடங்கிய ஐடா அம்மா

நம்ம மலருக்கு ஒரு பெரியவங்க வாழ்க்கையை எழுதித் தரச் சொல்லி தலைவி அக்கா கேட்டாங்க. இந்த வருஷம் நம்ம குழுக்கள்ல நிறைய பிள்ளைங்க பன்னிரண்டாவது முடிச்சிருக்காங்க. குழுக் கூட்டத்துல, பொண்ணை நர்ஸுக்குப் படிக்க வைக்கலாமான்னுதான் பேச்சு. அதனால டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மாவைப் பற்றி எழுதுகிறேன். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தெரியாதவர் நம்மில் இல்லை. அதை உண்டாக்கியவர் இவர்தான்.

ஐடா அம்மா 1870-ஆம் வருஷம் டிசம்பர் 9-ந் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தார். அமெரிக்காவிலிருந்து வந்து இங்கே வைத்தியமும் மத ஊழியமும் செய்த குடும்பம். தாத்தாவும் டாக்டர், அப்பாவும் டாக்டர். வீட்டில் அண்ணன்களுக்குப் பிறகு ஒரே பொண்ணு. சின்ன வயசிலேயே 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்தவர். எலும்பும் தோலுமா வந்த பிள்ளைகளுக்கு ரொட்டி கொடுத்த அந்தக் காட்சி அவர் மனசை விட்டுப் போகவேயில்லை. அதனாலேயே, இந்தியாவில் இருக்கக் கூடாது, அமெரிக்காவில் படித்து அங்கேயே குடும்பமா வாழணும்னு நினைத்தார்.

அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தபோது அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வந்தது. 1890-ல் திண்டிவனத்துக்குத் திரும்பி வந்தார். கொஞ்ச நாள் அம்மாவைப் பார்த்துக்கொண்டு திரும்பிப் போயிடலாம் என்பதுதான் எண்ணம். ஆனால் ஒரே ஒரு ராத்திரி எல்லாத்தையும் மாத்திடுச்சு.

அன்று ராத்திரி ஒருத்தர் பின் ஒருத்தரா மூணு பேர் கதவைத் தட்டினாங்க. ஒருத்தர் பிராமணர், ஒருத்தர் முஸ்லிம், மூணாமவரும் மேல்சாதி இந்து. மூணு பேர் வீட்டிலும் மனைவி பிரசவ வலியில் துடிக்கிறாள், குழந்தை வரவில்லை. ஐடா தன் அப்பாவைக் கூப்பிடச் சொன்னார். ஆம்பளை டாக்டர் எங்க வீட்டுப் பொம்பளையைத் தொடக் கூடாது, நீங்க வாங்கன்னு மூணு பேருமே கேட்டாங்க. ஐடாவுக்கு வைத்தியம் ஒண்ணும் தெரியாது. வந்தவங்க வெறுங்கையோடு திரும்பிப் போனாங்க. விடிந்ததும் சாவு மேளம் கேட்டது. மூணு பொண்ணுங்களும் இறந்து போயிருந்தாங்க.

அன்னிக்கு முடிவு பண்ணினார், டாக்டருக்குப் படித்து வந்து இந்தப் பெண்களுக்குத்தான் வேலை செய்வதென்று. திரும்ப அமெரிக்கா போய் 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். பொம்பளைங்களை அந்தக் கல்லூரி அப்போதுதான் சேர்க்க ஆரம்பித்திருந்தது. ஊர் திரும்பும் முன்னே ஆஸ்பத்திரிக்குப் பணமும் திரட்டினார். ஷெல் என்ற ஒரு பெரியவர், இறந்து போன தன் மனைவி நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1900-ல் வேலூர் வந்து, வீட்டிலேயே ஒரு கட்டில் போட்டு வைத்தியம் ஆரம்பித்தார். 1902-ல் 40 படுக்கையோடு மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறந்தது.

ஒரு டாக்டர் மட்டும் இருந்தால் ஆஸ்பத்திரி நடக்குமா? ஆபரேஷன் அறையில் கை உதவிக்கு ஆள் வேணும். கத்தி, கத்தரியைக் கொதிக்க வைக்கணும், புண்ணுக்குக் கட்டு மாத்தணும், ராத்திரி முழிச்சு இருந்து காய்ச்சல் பார்க்கணும். டாக்டர் போன பிறகு நோயாளி பிழைப்பது நர்ஸ் கையில்தான் இருக்குது. இதைப் புரிந்துகொண்ட ஐடா அம்மா 1909-ல் வேலூரில் நர்ஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். டாக்டர் பள்ளி வருவதற்கு 9 வருஷம் முன்னாடியே நர்ஸ் பள்ளி வந்துவிட்டது. இதை நாம் கவனிக்கணும்.

அந்தக் காலத்தில் நர்ஸ் வேலைன்னா கேவலம். வேற சாதி ஆளைத் தொடணும், மலம் மூத்திரம் எடுக்கணும், ராத்திரியில் வீட்டை விட்டு வெளியே இருக்கணும். யார் வீட்டில் பொண்ணை அனுப்புவாங்க? முதலில் வந்தவங்க பெரும்பாலும் கிறிஸ்தவப் பெண்கள்தான். அவங்க சுத்தமான உடுப்பு போட்டு, கணக்கா மருந்து கொடுத்து, சாகக் கிடந்தவங்களை எழுப்பி உட்கார வைக்கிறதைப் பார்த்த பிறகுதான் ஊர் மெல்ல மெல்ல மனசு மாறிச்சு.

ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவங்களுக்காக, குடியாத்தம் போற வழியில் மரத்தடியில் நிறுத்தி வைத்தியம் பார்த்தார். முதலில் மாட்டு வண்டி, அப்புறம் கார். கூடவே நர்ஸ்களும் மருந்துப் பெட்டியோடு போவாங்க. இன்னிக்கு நம்ம ஊருக்கு மருத்துவ முகாம் வருதே, அது மாதிரிதான்.

1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். விண்ணப்பம் நாலைந்து கூட வராதுன்னு பேசினாங்க. வந்த விண்ணப்பங்களில் எல்லாரையும் சேர்க்க இடம் இல்லாமல் போனது. முதல் பிள்ளைகள் 14 பேர் பரீட்சை எழுதி, 14 பேரும் தேறினாங்க. 1946-ல் நர்ஸ் பள்ளி, பட்டம் கொடுக்கும் கல்லூரியாக உயர்ந்தது. இந்தியாவிலேயே முதன்முதலில் பி.எஸ்சி. நர்சிங் கற்றுக்கொடுத்த இடங்களில் அது ஒண்ணு. ஐடா அம்மா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைசிக் காலத்தைக் கொடைக்கானலில் கழித்து, 1960 மே மாதம் 89 வயசில் காலமானார். வேலூரில் சி.எம்.சி. முன்னாடி போகிற சாலைக்கு அவர் பெயர்தான்.

இந்த வாழ்க்கையில் இருந்து நமக்கு ஒரு பாடம் இருக்குது. அந்த அம்மா மனசு இளகிப்போய் உடனே வைத்தியம் பார்க்க உட்காரவில்லை. முறையாப் படித்து, பட்டம் வாங்கித்தான் கை வைத்தார். நம்ம பிள்ளைகளுக்கும் அதேதான். எங்க பக்கத்து ஊர்ப் பொண்ணு ஒருத்தி ஒரு வருஷ நர்சிங் சான்றிதழ் படிப்பில் சேர்ந்தாள். அவங்க அம்மா குழுவில் கடன் வாங்கித்தான் பணம் கட்டினாங்க. முடித்த பிறகுதான் தெரிந்தது, அந்தச் சான்றிதழை வைத்து நர்ஸா பதிவு பண்ண முடியாதுன்னு. கடன் மட்டும் இன்னும் கட்டிக்கிட்டு இருக்காங்க.

அதனால சகோதரிகளே, பணம் கட்டும் முன்னே விசாரியுங்கள். ஏ.என்.எம். 2 வருஷம், டிப்ளமோ நர்சிங் 3 வருஷம், பி.எஸ்சி. நர்சிங் 4 வருஷம். பி.எஸ்சி.க்குப் போகணும்னா பதினொன்றாவதிலேயே இயற்பியல், வேதியியல், உயிரியல் எடுத்திருக்கணும். படிப்பு முடிந்ததும் தமிழ்நாடு நர்ஸ் கவுன்சிலில் பெயர் பதிவு செய்ய முடியுமான்னு முதல் கேள்வியாக் கேளுங்க. அந்தப் பள்ளிக்குச் சொந்தமா ஆஸ்பத்திரி இருக்குதா, எத்தனை படுக்கை, பிள்ளைங்க எங்கே பயிற்சி எடுக்குறாங்கன்னு நேரில் போய்ப் பாருங்க. சமுதாயக் கல்லூரிகளில் இருக்கிற ஒரு வருஷ உதவியாளர் படிப்பும் தப்பில்லை. நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அது உதவும். ஆனா அது வேற, நர்ஸ் படிப்பு வேற. தெரிந்தே சேருங்க.

மூணு பொண்ணுங்க உதவிக்கு ஆள் இல்லாமல் செத்ததால் ஒரு ஆஸ்பத்திரியே பிறந்தது. நம்ம குழுவில் இருந்து ஒரு பொண்ணு முறையாப் படித்து நர்ஸானால், நம்ம ஊர்ப் பிரசவத்துக்கும் பயம் குறையும், அந்த வீட்டு அடுப்பும் எரியும். அப்படிப்பட்ட பிள்ளைக்குக் கடன் கொடுக்க எந்தக் குழுவும் தயங்க வேண்டாம்.