விடை மட்டும் எழுதியவர்: கணித மேதை இராமானுஜன்



சி மொழித் தேர்வுத்தாளில் இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். இந்தப் புரோகிராமின் அவுட்புட் என்ன என்பது ஒன்று. இதில் தவறு எங்கே என்பது மற்றொன்று. அரூரிலிருந்தும் தீர்த்தமலைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் பஸ் ஏறி வந்து கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகள் பலரும் அதிகம் பயப்படுவது இந்த இரண்டுக்கும்தான். கம்ப்யூட்டர் என்ற இயந்திரமே இல்லாத காலத்தில், வாழ்நாள் முழுக்க இந்த இரண்டு கேள்விகளோடு வாழ்ந்த ஒருவரை இந்த மலரில் நினைத்துப் பார்ப்பது பொருத்தம். அவர் சீனிவாச இராமானுஜன்.

ஸ்லேட்டும் முழங்கையும்

நமக்கு ஒரு பகல் பஸ் பயணத் தூரத்தில் இருக்கும் ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில், 1887 டிசம்பர் 22 அன்று பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். அப்பா ஜவுளிக்கடைக் கணக்கர். வசதி என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை.

பள்ளியில் படிக்கும்போது, 1903 வாக்கில், கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த ஒரு கணிதப் புத்தகம் கைக்குக் கிடைத்தது. ஏறக்குறைய ஐயாயிரம் முடிவுகள் வரிசையாக இருக்கும். எப்படி வந்தது என்ற விளக்கம் மிகக் குறைவு. இராமானுஜனும் அந்த வழக்கத்தையே பிடித்துக்கொண்டார். காகிதம் வாங்கக் காசு ஏது? ஸ்லேட்டில் போடுவார், முழங்கையால் அழிப்பார், கடைசி விடையை மட்டும் நோட்டில் எழுதுவார். நம்ம பாஷையில் சொன்னால், அவுட்புட் மட்டும் இருக்கும், புரோகிராம் இருக்காது!

1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணிதத்தைத் தவிர வேறெதையும் திரும்பிப் பார்க்கவில்லை. தேர்வில் தோற்றார், உதவித்தொகையும் போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கும் எஃப்.ஏ. தேறவில்லை. அரியர் வைத்திருக்கும் தம்பிகள் இதைச் சாக்காகச் சொல்ல வேண்டாம். அந்தத் தோல்விகளால் அவர் பட்ட பாடு சாதாரணமானதல்ல. 1909-ல் ஜானகி அம்மாளை மணந்தார். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

டெஸ்ட் செய்தால் சரி, ஆனாலும் தவறு

1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். நூற்றுக்கும் மேற்பட்ட முடிவுகள், நிரூபணம் கிடையாது. ஹார்டியும் நண்பர் லிட்டில்வுட்டும் உட்கார்ந்து பார்த்தார்கள். சில முன்பே தெரிந்தவை, பல முற்றிலும் புதியவை. சில தவறானவை.

தவறியதில் முக்கியமானது பகா எண்கள் பற்றியது. ஓர் எண்ணுக்குக் கீழே எத்தனை பகா எண்கள் என்று சொல்ல இராமானுஜன் ஒரு சூத்திரம் வைத்திருந்தார். கையால் எண்ணிப் பார்க்கக்கூடிய எல்லைவரை அது அபாரமாகப் பொருந்தியது. ஆகவே எல்லா எண்ணுக்கும் வித்தியாசம் மிகச் சிறிதாகவே இருக்கும் என்று நம்பிவிட்டார். சீட்டா சார்பின் கலப்பெண் பூஜ்ஜியங்களை அவர் கணக்கில் எடுக்கவில்லை. அவற்றின் விளைவு மிகப் பெரிய எண்களுக்குப் போனால்தான் தெரியும். பத்து இன்புட் கொடுத்துப் பார்த்தேன், பத்தும் சரி, புரோகிராம் முடிந்தது என்று லேபில் எழுந்து போகிறோமே, அதே தவறுதான்.

1914 மார்ச் 17-ல் கப்பலேறினார். கேம்பிரிட்ஜில்தான் நிரூபணத்தின் அவசியம் அவருக்கு முழுமையாகப் புரிந்தது. விடை சரியாக இருந்தால் மட்டும் போதாது, ஏன் சரி என்றும் காட்ட வேண்டும்.

முன்கூட்டியே சொன்ன அவுட்புட்

4 என்ற எண்ணைக் கூட்டலாக எத்தனை விதமாக எழுதலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து விதம். இதைப் பிரிவினை எண் என்பார்கள். எண் பெரிதானால் இதுவும் அசுர வேகத்தில் பெருகும். பழைய பீரங்கிப்படை அதிகாரியான மக்மகோன் கையாலேயே 200 வரை கணக்கிட்டு அட்டவணை போட்டார். 200-க்கு வந்த விடை 3,972,999,029,388.

இராமானுஜனும் ஹார்டியும் அமைத்த சூத்திரம், எட்டு உறுப்புகளை மட்டும் கூட்டி, 3,972,999,029,388.004 என்று கொடுத்தது. புள்ளிக்குப் பின்னால் உள்ளதை விட்டால் அச்சு அசல் அதே எண். இது வெளிவந்தது 1918-ல். அதே ஆண்டு ராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும், டிரினிட்டி கல்லூரி ஃபெல்லோவாகவும் தேர்வானார்.

மக்மகோன் அட்டவணையைப் பார்த்தே இன்னொன்றும் கண்டுபிடித்தார். 4, 9, 14 என்று 4-லோ 9-லோ முடியும் எண்களின் பிரிவினை எண்ணிக்கை எப்போதும் 5-ஆல் வகுபடும். 7-க்கும் 11-க்கும் இதுபோல விதி உண்டு. 5, 7, 11 ஆகியவற்றின் எல்லா அடுக்குகளுக்கும் சேர்த்து ஒரு பொது விதியை அவர் ஊகித்தார்.

தவறைக் கண்டவர்கள்

உடல்நலம் கெட்டு 1919-ல் ஊர் திரும்பிய அவர், 1920 ஏப்ரல் 26 அன்று சென்னைச் சேத்துப்பட்டில் காலமானார். வயது 32 மட்டுமே.

14 ஆண்டு கழித்து அவருடைய ஊகத்தில் ஒரு பிழை அகப்பட்டது. பிழை கண்டதும் இந்தியர்களே என்பது நமக்குப் பெருமை. ஹன்ஸ்ராஜ் குப்தா அட்டவணையை 300 வரை நீட்டினார். அதைப் பார்த்த சௌலா 1934-ல் 243 என்ற எண்ணிடம் நின்றார். ஊகத்தின்படி 243-க்கான விடை 7-இன் மூன்றாம் அடுக்கான 343-ஆல் வகுபட வேண்டும். விடை 133,978,259,344,888. அது 49-ஆல் வகுபடுகிறது, 343-ஆல் வகுபடவில்லை. ஒரே ஓர் இன்புட், ஊகம் விழுந்தது!

அதோடு கதை முடியவில்லை. 7-இன் அடுக்குக்குரிய விதியை வாட்ஸன் 1938-ல் திருத்தி நிரூபித்தார். 11-க்குரியதை ஏ.ஓ.எல். ஆட்கின் 1967-ல் முடித்தார். பிழை தெரிந்ததால்தான் உண்மையான தேற்றம் கிடைத்தது.

லேபில் செய்து பாருங்கள்

பிரிவினை எண்களுக்கு ஒரு சி புரோகிராம் எழுதுங்கள். நம்மில் மூத்தவர்கள் பயன்படுத்திய டர்போ சி-யில் இன்ட் என்பது 16 பிட். 39-க்கு 31185 என்று சரியாக வரும். 40-க்கு வரவேண்டியது 37338, ஆனால் திரையில் வருவது -28198. எல்லை 32767-தான்! இன்றைய 32 பிட் இன்ட் 121 வரை தாங்கும், 122-ல் கவிழும். லாங் லாங் போட்டால்தான் சௌலாவின் 243-ஐச் சோதிக்க முடியும்.

இராமானுஜனின் பெயரோடு ஒட்டிய எண் 1729. ஹார்டி வந்த டாக்ஸியின் எண் அது. இரண்டு கனங்களின் கூட்டாக இரண்டு விதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுவே என்று படுக்கையில் இருந்தபடியே சொன்னார். 1-இன் கனமும் 12-இன் கனமும், 9-இன் கனமும் 10-இன் கனமும். இதை அப்படியே சி-யில் 1^3+12^3 என்று எழுதினால் வருவது 13. 9^3+10^3 என்று எழுதினால் 7. ஏன்? சி-யில் அந்தத் தொப்பிக் குறி அடுக்கு அல்ல, பிட்டுகளை ஒப்பிடும் எக்ஸ்-ஆர். கூட்டல் அதற்கு முன்பே நடந்துவிடும். முன்னால் பூஜ்ஜியம் போட்டு 01729 என்று எழுதினால் கம்பைலர் ஏற்றுக்கொள்ளவே செய்யாது. பூஜ்ஜியத்தில் தொடங்கினால் எட்டடிமான எண், அதில் 9 என்ற இலக்கம் கிடையாது.

தம்பிகளே, தங்கைகளே! ரன் பட்டனை அழுத்துமுன் அவுட்புட்டை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பிறகு ஒத்துப் பாருங்கள். ஒத்துவராவிட்டால் சோர்ந்துவிடாதீர்கள், அங்கேதான் படிப்பு ஆரம்பிக்கிறது. இராமானுஜனுக்கு ஸ்லேட்டை அழிக்காமல் வைத்துக்கொள்ள வசதி இல்லை. நமக்கு இருக்கிறது. வழியையும் எழுதி வைப்போம்.