மூளையின் ஆழம் கண்டவர்

விஞ்ஞான வளர்ச்சியில் கருவியின் பெருமையைப் பேசுவோர் பலர். கருவிக்குப் பின்னிருந்த கண்ணை நினைப்போர் சிலரே. ஆதலின் சந்தியாகோ ராமோன் இ காஹாலின் சரித்திரத்தை நேயர்களுக்கு இன்று நினைவூட்ட விரும்புகிறோம்.

1852-ம் வருஷம் ஸ்பெயின் தேசத்து மலைக்கிராமமொன்றில் ஒரு வைத்தியரின் புதல்வராக அவர் பிறந்தார். சித்திரக்காரராக வேண்டுமென்பது பிள்ளையின் ஆசை. வைத்தியராக வேண்டுமென்பது தந்தையின் பிடிவாதம். தந்தையே வென்றார். ஆயினும் சித்திரம் பழகிய கை வீண்போகவில்லை.

ராணுவ வைத்தியராகக் கியூபா சென்று, மலேரியாவினால் மெலிந்து திரும்பியவர், தம் சம்பளப் பணத்தைக் கொண்டு ஒரு மைக்ராஸ்கோப் வாங்கினார். இத்தாலியரான கோல்ஜி 1873-ல் வெளியிட்ட வெள்ளி உப்புச் சாயமுறையை 1887-ல் மாட்ரிட் நகரில் கண்ணுற்றார். அம்முறையில் சில நரம்பணுக்கள் மாத்திரமே கிளைகளுடன் கரியனவாய்த் தோன்றும். ஏனையவை மறைந்து நிற்கும். காஹால் கருக்களின் மூளையைக் கனத்த துண்டுகளாகச் சீவி, மைக்ராஸ்கோப்பின் குவியத்தை மேலும் கீழும் நகர்த்தி, தளந்தோறும் கண்டதை மனத்தில் இணைத்துச் சித்திரமாகத் தீட்டினார்.

நரம்பு மண்டலம் இடையறாத வலை என்பது கோல்ஜியின் கொள்கை. நரம்பணுக்கள் நெருங்கி நிற்பினும் ஒன்றோடொன்று கலப்பதில்லை என்று காஹால் முடிவு செய்தார். 1888-ல் தாமே ஒரு பத்திரிகை தொடங்கித் தம் தாய்மொழியில் அதனைப் பிரசுரித்தார். வெளிதேசத்தார் பெரும்பாலும் பொருட்படுத்தவில்லை. அவர் சோர்ந்தாரில்லை, 1889-ல் தம் கண்ணாடித் தகடுகளை பெர்லினுக்கே எடுத்துச் சென்று காட்டினார். பெரும் பண்டிதரான கெல்லிகர் கண்டு வியந்து, அவர் பக்கம் நின்றார். 1906-ல் நோபல் பரிசு இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அந்த மேடையிலும் கோல்ஜி வலைக் கொள்கையையே வற்புறுத்தினார். காஹால் 1934-ல் காலமானார். அணுக்களுக்கு இடையேயுள்ள இடைவெளியை 1950-களில் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் ஐயமறக் காட்டிற்று.

1990-ல் அமெரிக்காவில் தோன்றிய லேஸர் மைக்ராஸ்கோப் முறையில், சாயமேற்றிய மூளைத் தசையினுள் ஒளி குவியும் புள்ளி மாத்திரமே ஒளிர்கிறது. அப்புள்ளியை விரைந்து நகர்த்தி, உயிருள்ள மூளையையும் அடுக்கடுக்காகப் படமெடுத்து, நீள அகல ஆழத்துடன் உருவாக்குகின்றனர். காஹால் நாட்கணக்கில் மனத்தில் கட்டியதை யந்திரம் சடுதியில் கட்டிவிடுகிறது.

இவ்வேகத்தை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் கோல்ஜியும் காஹாலும் நோக்கியது ஒரே சாயத்தைத்தான். ஒருவர் வலையைக் கண்டார், மற்றவர் அணுவைக் கண்டார். படம் எத்துணை விரைவில் கிடைப்பினும், அதன் பொருளைத் துணியும் பொறுப்பு மனிதனுடையதே. இளைஞர்கள் கருவியோடு அக்கண்ணையும் தேடிக்கொள்வார்களாக.